உம்மு ஹாஷிமின் விளக்கும் மறக்கப்பட்ட கண் மருத்துவர்களும்

கீழை நாட்டில் பிறந்து, மேலை நாட்டில் கற்று, முடிவில் இரண்டிலும் அந்நியனாகி நிற்கும் இளைஞனின் கதை நவீன அரபு இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளது. தௌஃபீக் அல்ஹகீமின் 'உஸ்ஃபூர் மினஷ் ஷர்க்' 1938இல் வெளிவந்தது. அவ்வரிசையில் நம் மத்ரஸா வட்டங்களில் விரும்பிப் பேசப்படுவது, யஹ்யா ஹக்கீ 1944இல் வெளியிட்ட 'கின்தீல் உம்மு ஹாஷிம்' என்னும் குறுநாவலாகும். ஈமானும் அறிவியலும் இறுதியில் இணங்கிவிட்டன என்று அதன் முடிவுக்கு விளக்கம் கூறி மகிழ்வது நம்மவர் வழக்கம். அம்மகிழ்ச்சிக்கு அந்நூலில் போதிய ஆதாரம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

கதைச் சுருக்கம் பலரும் அறிந்ததே. கெய்ரோவில் ஸையிதா ஸைனப் பள்ளிவாசலை ஒட்டிய சதுக்கத்தில் தானியக் கடை நடத்தும் ஷைகு ரஜபின் இளைய மகன் இஸ்மாயீல். எகிப்தில் மருத்துவம் படிக்க மதிப்பெண் போதாமையால், தந்தை தம் வாயையும் வயிற்றையும் கட்டி அவனை இங்கிலாந்துக்கு அனுப்புகிறார். ஏழாண்டுகளுக்குப் பின் தேர்ந்த கண் மருத்துவனாகத் திரும்பும் அவன், வீடு வந்த இரவே ஒரு காட்சியைக் காண்கிறான். தனக்கென நிச்சயிக்கப்பட்ட பாத்திமாவின் நோயுற்ற கண்களில் தன் தாய் பள்ளிவாசல் விளக்கின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். வெகுண்டெழுந்து ஓடியவன் அவ்விளக்கையே தடியால் அடித்து நொறுக்குகிறான், மக்களிடம் அடிபடுகிறான். பள்ளிவாசல் பணியாளர் ஷைகு தர்தீரீ அவனை அடையாளங்கண்டு மீட்கிறார். அதன்பின் அவனே மருத்துவம் பார்க்கிறான். பாத்திமாவோ முற்றிலும் பார்வையிழந்து போகிறாள்.

உம்மு ஹாஷிம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேத்தியாரான ஸைனப் (ரலி) அவர்களை எகிப்தியர் அன்போடு அழைக்கும் பெயர். அப்பெயரின் நிழலில் பிறந்து வளர்ந்தவர் ஹக்கீ. 1905இல் அப்பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள சந்து ஒன்றில் பிறந்தார். அவரது குடும்பமோ துருக்கிய வழியினது. சட்டம் பயின்று, ஜித்தா, இஸ்தான்பூல், ரோம் முதலிய நகரங்களில் தூதரகப் பணியாற்றினார். இரு பண்பாடுகளுக்கு நடுவே வளர்வது எத்தகையது என்பதை நூல்களிலிருந்து கற்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. எகிப்தியப் பேச்சு மணக்கும் அரபு உரைநடையை வளர்த்தோருள் துருக்கிய வழி வந்த ஒருவருக்கு முன்வரிசையில் இடமுண்டு என்பது இனப்பெருமை பேசுவோர் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆதலால் இஸ்மாயீலின் நோயை அவர் மிகச் சரியாக இனங்காண்கிறார். இங்கிலாந்தில் அவன் தொழுகையை விட்டதும் மேரி என்னும் பெண்ணோடு பழகியதும் புறச் செய்திகளே. உள்ளே நிகழ்ந்த மாற்றம் வேறு. தொடக்கத்தில் நோயாளிகளின் அருகமர்ந்து அவர்களின் புலம்பலுக்கெல்லாம் செவிகொடுத்தவன் அவன். அந்த இரக்கத்தைப் பலவீனம் என்று கூறி மேரி அறுத்தெறிகிறாள். ஊர் திரும்பியபோது சதுக்கத்து மக்கள் அவன் கண்ணுக்குப் புழுதியும் ஈயும் அழுக்குமாகவே தென்படுகின்றனர். அவன் இழந்தது தன்னவரை வெறுக்காமல் நோக்கும் ஆற்றலையே. அது லைலத்துல் கத்ரு இரவில் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. அதே கூட்டத்தை வேறு கண்களால் பார்க்கிறான். தர்தீரீயிடம் எண்ணெயைக் கேட்டுப் பெற்று வீடு செல்கிறான். அரபு உரைநடையின் சிறந்த பகுதிகளுள் இவ்விடமும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயின் இதனை ஈமானின் வெற்றி என்பது எங்ஙனம் பொருந்தும்? விளக்கெரிந்த எண்ணெய் கண்ணோய்க்கு மருந்தென்று குர்ஆனும் கூறவில்லை, ஸுன்னாவும் கூறவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறும், முதுமையைத் தவிர எந்நோயையும் அல்லாஹ் மருந்தின்றி இறக்கவில்லை என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது திர்மிதீ, அபூதாவூத் தொகுப்புகளில் உள்ளது. ஃபிக்ஹு பயிலும் தொடக்க வகுப்பு மாணவனும் வழக்கம் வேறு, மார்க்கம் வேறு என்பதை அறிவான். அவ்வெண்ணெயை இஸ்மாயீல் மீண்டும் பாத்திமாவின் கண்ணிலிட்டானா என்பதை ஹக்கீ வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஈமானின் துணையோடு தன் மருத்துவத்துக்கே அவன் திரும்பினான் என்று மட்டும் கூறிச் செல்கிறார். அந்த மௌனத்தை நம் விமர்சகர்கள் தத்தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டனர். அவன் தன் மக்களோடு சமாதானமானான் என்பதே உண்மை. மார்க்கத்தோடு சமாதானமானான் என்பதற்கு இன்னும் அதிகமான சான்று வேண்டும்.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. கண் மருத்துவத்தை இங்கிலாந்தின் உடைமையாகவும், எண்ணெய்ப் புட்டியைக் கெய்ரோவின் உடைமையாகவும் இக்கதை பிரித்துவைக்கிறது. வரலாறு அவ்வாறு இல்லை. ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாகிமின் காலத்தில் (996–1021) இதே கெய்ரோவில் அம்மார் இப்னு அலீ அல்மௌஸிலீ உள்துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி அகற்றும் முறையை எழுதிவைத்தார். பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்கும் 'கிதாபுல் மனாளிர்' நூலின் ஆசிரியர் இப்னுல் ஹைஸம் அதே காலத்தில் அதே நகரில் வாழ்ந்தவர். பக்தாதில் அலீ இப்னு ஈஸா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' ஐரோப்பியரும் பயின்ற நூல். கெய்ரோவில் 1288இல் மறைந்த இப்னுந் நஃபீஸும் கண் மருத்துவம் பற்றித் தனிநூல் இயற்றினார். இஸ்மாயீல் கடல் கடந்து கற்றுவந்த கலையில் அவனுடைய ஊருக்கும் பங்குண்டு. அதை அவனும் அறியான், அவன் தாயும் அறியார். மேரி அறிந்திருக்க வழியே இல்லை. அவனுக்கு முன் வைக்கப்பட்ட இரண்டு பண்பாடுகளும் இந்த மறதியினால் ஆனவை.

அந்த மூன்றாம் வழியைக் காட்டக்கூடியவர் ஒருவர் அவ்வீட்டிலேயே இருந்தார். ஷைகு ரஜபின் நடு மகன் அஸ்ஹரில் சேர்ந்து, தேறாமல் கிராமத்துக்குத் திரும்பி, ஓதிக்கொடுப்பதும் நிகாஹ் எழுதுவதுமாகக் காலங்கழிக்கிறார். ஓரிரு வரிகளில் வந்து மறையும் இவரைப் பற்றி எவரும் எழுதக் கண்டதில்லை. எனக்கோ இவரைக் கடந்துபோக மனமில்லை. தம்பி விளக்கை உடைத்தபோது இந்த அண்ணன் எங்கே? எண்ணெய் மருந்தன்று என்று தாய்க்கு எடுத்துரைக்கும் தகுதி அக்குடும்பத்தில் அவருக்கன்றோ இருந்தது? ஹக்கீ அவரை மறந்தார் என்று மட்டும் கூறித் தப்பிக்க நம்மால் இயலாது. அஸ்ஹரில் நவீனக் கலைகளைப் புகுத்த முஹம்மத் அப்துஹு முயன்று, எதிர்ப்பைச் சந்தித்து, ஹக்கீ பிறந்த அதே 1905இல் மறைந்தார். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே அஸ்ஹரில் மருத்துவத் துறைக்கு வழி பிறந்தது. அதாவது இக்கதை வெளிவந்து பதினேழு ஆண்டுகள் கழித்து. அந்த அண்ணன் அம்மார் அல்மௌஸிலீயின் பெயரை எந்தப் பாடத்தில் கேட்டிருப்பார்? நம் நாட்டு அரபிக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை நோக்கினாலும் இக்கேள்வி கேட்கத்தக்கதே.

இம்மறதி முற்றினால் என்னாகும் என்பதற்குச் சூடான் எழுத்தாளர் தய்யிப் ஸாலிஹின் 'மவ்ஸிமுல் ஹிஜ்ரா இலஷ் ஷிமால்' (1966) சான்று. அதன் முஸ்தஃபா ஸயீத் பிறந்தது 1898இல், கர்ரரீப் போரில் ஆங்கிலேயர் சூடானை வீழ்த்திய ஆண்டில். சிறுவனாகவே கெய்ரோவுக்கும் பின்னர் லண்டனுக்கும் அனுப்பப்படுகிறான். வழியனுப்பும் தாயும் மகனும் பாதையில் சந்தித்த இரு வழிப்போக்கரைப் போலப் பிரிகின்றனர். இஸ்மாயீலுக்குக் காத்திருக்க ஒரு சதுக்கமே இருந்தது, இவனுக்கோ எவருமில்லை. லண்டனில் பொருளியல் அறிஞனாக உயர்ந்து, பெண்களை வஞ்சித்து, மனைவியைக் கொன்று, ஏழாண்டு சிறையிருந்து, நைல் நதிக்கரைச் சிற்றூரொன்றில் உழவனாக ஒதுங்குகிறான். அவன் வெள்ளத்தில் மறைந்தபின், பூட்டிவைத்திருந்த அவனது அறை திறக்கப்படுகிறது. ஆங்கிலேயர் வீட்டுக் கணப்படுப்பும் சுவர் நிறையப் புத்தகங்களும் அங்கே உள்ளன. அவற்றுள் ஓர் அரபு நூலுமில்லை. குர்ஆன்கூட ஆங்கில மொழிபெயர்ப்பாகவே இருக்கிறது.

சிலர் இவ்விரு நூல்களையும் ஒப்பிட்டு, ஹக்கீ நம்பிக்கையாளர், ஸாலிஹ் அவநம்பிக்கையாளர் என்று எளிதில் வகைப்படுத்துவர். நான் அவ்வாறு கொள்வதில்லை. ஸாலிஹின் கதைசொல்லி ஆங்கிலக் கவிதையில் ஆய்வு செய்து திரும்பியவன். ஆயினும் பாட்டனார் ஹாஜி அஹ்மதின் அறை வாசனையில் தான் யாரென்று அறிகிறான். இறுதியில் நதியின் நடுவே, வடகரைக்கும் தென்கரைக்கும் இடையில் நீந்த வலுவற்றுத் தத்தளிக்கையில், வாழ வேண்டிய காரணமாக அவன் நினைவுக்கு வருவன தனக்கு நெருக்கமான சில மனிதரும் தன் கடமைகளுமே. ஹக்கீயின் இஸ்மாயீலோ பாத்திமாவை மணந்து, பதினொரு பிள்ளைகளுக்குத் தந்தையாகி, ஏழை வட்டாரமொன்றில் மருத்துவமனை திறந்து, சட்டையெல்லாம் சிகரெட் சாம்பல் உதிரத் தன் மக்களின் கண்களைக் குணப்படுத்திக்கொண்டிருக்கிறான். அம்மருத்துவமனையின் அலமாரியில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதை, கதை சொல்லும் அவனுடைய சகோதரர் மகன் நமக்குத் தெரிவிக்கவில்லை.