நாணத்தின் சொற்கள்: செவ்வியல் சீனத்தில் இழிவும் மனச்சான்றும்

ஹான் பேரரசுக் காலத்து அறிஞர் ஷூ ஷென் கி.பி. 100இல் எழுதி முடித்து, 121இல் அரசவைக்கு அளிக்கப்பெற்ற ‘ஷுவோவென் ஜியெட்ஸி’, சீன எழுத்துகளின் அமைப்பையும் பொருளையும் முறைப்படி ஆராய்ந்த முதல் பேரகராதியாகும். அதில் ‘ச்சி’ என்னும் சொல்லுக்கு ‘ரூ’ என்று பொருள் கூறப்பட்டிருக்கிறது. ‘ரூ’ என்பதற்கோ ‘ச்சி’ என்றே பொருள் கூறப்பட்டிருக்கிறது. அவ்வாறே ‘குவெய்’ என்பதற்குத் ‘த்ஸான்’ பொருளாகவும், ‘த்ஸான்’ என்பதற்குக் ‘குவெய்’ பொருளாகவும் நிற்க, ‘ஸுவோ’ என்ற மூன்றாவது சொல்லும் ‘த்ஸான்’ என்றே விளக்கப்படுகிறது. அகராதியை மட்டும் நம்பும் மாணவனுக்கு இவையெல்லாம் நாணம், வெட்கம், மானக்கேடு என்ற ஒரே பொருளைத் தரும் பல சொற்களாகவே தோன்றும். ஆனால் கன்பூசியஸ் வாழ்ந்த கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி வரலாற்றாசிரியர் சிமா சியன் எழுதிய கி.மு. 1ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரையிலான நூல்களில் இச்சொற்கள் எங்கெங்கே, யாரைக் குறித்து, எந்த இலக்கண அமைப்பில் வருகின்றன என்று நோக்கினால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எளிதில் வைக்க முடியாது என்பது புலனாகும். சொற்கள் இங்கே இன்றைய பெய்ஜிங் ஒலிப்பை ஒட்டித் தரப்படுகின்றன. பண்டைய ஒலிப்பு வேறானது.

வெளியிலிருந்து விழும் இழிவு

‘ரூ’ என்பது பெரும்பாலும் ஒருவருக்கு நேரும் இழிவைக் குறிக்கும். அதன் எழுத்தின் மேற்பகுதி உழவுக்குரிய பருவத்தையும் கீழ்ப்பகுதி கையையும் காட்டுவதாகக் கொண்ட ஷூ ஷென், பருவம் தவறவிட்ட உழவனை வயல் எல்லையிலேயே கொல்லும் வழக்கத்தோடு அதைத் தொடர்புபடுத்தினார். பிற்கால எழுத்தியல் அறிஞர் பலர் கையில் பிடித்த வேளாண் கருவியையே அதில் காண்கின்றனர். லாவோ ட்ஸுவின் பெயரால் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’ நூலின் 41ஆம் இயலில் இச்சொல் கறைபட்ட, அழுக்கேறிய என்ற பொருளில் மிகுவெண்மைக்கு எதிராக வைக்கப்படுகிறது. தூய்மையாக இருந்த ஒன்றின்மேல் வெளியிலிருந்து படியும் கறை என்ற இந்தக் கருத்தே சொல்லின் பிற பயன்பாடுகளையும் விளக்குகிறது.

இலக்கணமும் இதையே காட்டுகிறது. ‘ரூ’ செயப்படுபொருளை ஏற்று வினையாக நிற்கும்போது ‘இன்னாரை இழிவுபடுத்து’ என்று பொருள்படும். ஹான் பேரரசு உருவாகத் துணைநின்ற படைத்தலைவன் ஹான் ஷின் இளமையில் வறுமையுற்றுத் திரிந்தபோது, கடைத்தெருவில் ஓர் இளைஞன் அவனை மறித்து, சாகத் துணிவிருந்தால் தன்னைக் குத்துமாறும் இல்லையேல் தன் கால்களுக்கிடையே தவழ்ந்து செல்லுமாறும் அறைகூவினான், ஹான் ஷின் நெடுநேரம் அவனை உற்று நோக்கிவிட்டுத் தவழ்ந்து சென்றான், தெருவே சிரித்தது. இதைப் பதிவு செய்யும் சிமா சியன் இளைஞனின் செயலுக்கு ‘ரூ’ என்ற சொல்லையே ஆள்கிறார். பின்னாளில் அரசனான ஹான் ஷின் அதே இளைஞனை அழைத்துப் பதவி கொடுத்தபோது, அன்று தான் பொறுத்துக்கொண்டது அவனைக் கொல்ல முடியாமல் அன்று என்று கூறியதாகவும் அவர் எழுதுகிறார்.

இதே சொல் பணிவு மொழியிலும் வழங்கியது. ஒருவர் மடல் எழுதினாலோ வருகை தந்தாலோ, தம் தகுதியைத் தாழ்த்திக்கொண்டு அவ்வாறு செய்தார் என்னும் கருத்தில் அச்செயலுக்கு முன் ‘ரூ’ சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய இதே வழியில் ‘தியன்’ என்னும் சொல், தமக்குக் கிடைத்த பதவிக்குத் தாம் களங்கம் என்று ஒருவர் தம்மைத் தாழ்த்திக் கூறப் பயன்பட்டது.

எது இழிவு என்று கருதுவது

‘ச்சி’ செயப்படுபொருளை ஏற்கும்போது ‘இன்னதை இழிவாகக் கருது’ என்று பொருள்படுகிறது. ‘ரூ’வின் செயல் பிறருடையது, ‘ச்சி’யின் தீர்ப்போ நாணுகிறவருடையது. கன்பூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த ‘லுன்யூ’ இந்தத் தீர்ப்பைத் திருத்துவதிலேயே பெரிதும் முனைகிறது. கிழிந்த பழைய அங்கியோடு, நரித்தோல் ஆடை அணிந்தவர் பக்கத்தில் நாணாமல் நிற்கக்கூடியவன் என்று மாணவன் ஸிலு அதில் பாராட்டப்படுகிறான். மோசமான உடைக்கும் உணவுக்கும் வெட்கப்படும் கற்றவனோ பேசத் தகாதவனாகிறான். தமக்குக் கீழ்ப்பட்டவரிடம் கேட்டறிய நாணாமை புகழப்பட, செயலை மிஞ்சும் சொல் நாணத்தக்கதாகிறது. நல்லாட்சி நடக்கும் நாட்டில் வறியவனாயிருப்பதும், நெறியற்ற நாட்டில் செல்வனாயிருப்பதும் ஒருசேர ‘ச்சி’க்கு உரியவை என்னும் கருத்தில், நாணத்தின் அளவுகோல் செல்வத்திலிருந்து நெறிக்கு மாற்றப்படுகிறது.

சட்டத்தாலும் தண்டனையாலும் ஆளப்படும் மக்கள் தண்டனைக்குத் தப்புவார்களே தவிர ‘ச்சி’ இல்லாதவர்களாவர் என்றும், அறத்தாலும் ‘லி’ எனப்படும் சடங்கு ஒழுக்கத்தாலும் ஆளப்படுவோர் ‘ச்சி’ பெற்றுத் தாமே திருந்துவர் என்றும் அதே நூல் வாதிடுகிறது. காவலர் பார்வை விலகியபின் எஞ்சுவதுதான் ‘ச்சி’ என்று இதிலிருந்து கொள்ளலாம். அறிஞன் எனத் தகுந்தவன் யார் என்று மாணவன் ஸிகோங் வினவியபோது தரப்படும் விடையில் இரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன: தன் நடத்தையில் ‘ச்சி’ உடையவனும், அயல்நாட்டுக்குத் தூது சென்றால் அரசன் இட்ட பணிக்கு ‘ரூ’ நேரவிடாதவனுமே அத்தகையவன். அங்கே சொற்களை இடம் மாற்றினால் வாக்கியம் பொருளற்றுப் போகும்.

கூசுதலும் அருவருத்தலும்

‘ஷியூ’ என்பதற்கு ஷூ ஷென் தரும் முதற்பொருள் படையல் அளித்தல். எழுத்தில் ஆட்டின் உருவம் இருக்கிறது. அது நாணப்பொருளில் வரும்போது, தகுதிக் குறைவான ஒன்றின் அருகே நிற்க நேர்ந்தவரின் கூச்சத்தைக் காட்டுகிறது. எளிய நிலையிலிருந்து உயர்ந்த லின் ஷியாங்ரு தனக்கு மேலான பதவி பெற்றதைப் பொறுக்காத ஜாவ் நாட்டுத் தளபதி லியன் போ, அவன் கீழ் இருப்பது தனக்கு ‘ஷியூ’ என்றும், எங்கே கண்டாலும் அவனுக்கு ‘ரூ’ செய்யப்போவதாகவும் கூறித் திரிந்ததாகச் சிமா சியன் எழுதுகிறார். சீ நாட்டு அமைச்சர் குவான் ஜோங்கின் வாயிலாக வரும் மற்றோர் இடத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. தம் எசமானர் மாண்டபோது உடன் சாகாமல் சிறைப்பட்டு உயிர்வாழ்ந்த தம்மை நண்பர் பாவ் ஷு நாணமற்றவர் என்று கருதவில்லை என்று கூறும் குவான் ஜோங், சிறு ஒழுக்கங்களில் தவறியதற்குத் தமக்கு ‘ஷியூ’ இல்லை, உலகில் தம் செயலும் பெயரும் விளங்காமற்போவதே தமக்கு ‘ச்சி’ என்று விளக்குகிறார். மேற்பரப்பில் எழும் கூச்சத்துக்கு ஒரு சொல்லும், வாழ்வின் இலக்கைப் பற்றிய தீர்ப்புக்கு மற்றொரு சொல்லுமாக அவை பிரிகின்றன.

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் மென்சியஸ், மனித இயல்பின் நான்கு முளைகளுள் ஒன்றாக ‘ஷியூ’வையும் அருவருப்பைக் குறிக்கும் ‘வூ’வையும் இணைத்து, அந்த இணையிலிருந்தே ‘யி’ என்னும் நேர்மைக் குணம் வளர்வதாகக் கற்பித்தார். 12ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஜூ ஷி, தன் தீமைக்கு நாணுவது ‘ஷியூ’ என்றும் பிறர் தீமையை வெறுப்பது ‘வூ’ என்றும் வகுத்தார். இம்முளைக்கு மென்சியஸ் காட்டும் சான்று நேரடியானது: கிடைக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலையிலும், காலால் உதைத்துத் தரும் சோற்றைப் பிச்சைக்காரனும் தொடமாட்டான். அப்படிப்பட்ட இயல்பை உடைய மனிதர்களே, பெரும் ஊதியம் வரும்போது முறை பார்க்காமல் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

ஒருவர்முன் நிற்கும் நாணம்

‘குவெய்’, ‘ஸுவோ’, ‘த்ஸான்’ ஆகியவை நாணத்தை உறவாகப் பார்க்கின்றன; யார்முன், எதன்முன் என்ற வினா அவற்றோடு ஒட்டியே வருகிறது. மேன்மகனின் மூன்று மகிழ்ச்சிகளைச் சொல்லும் மென்சியஸ், அண்ணாந்தால் வானத்தின்முன் ‘குவெய்’ இன்மையையும், குனிந்தால் மனிதர்முன் ‘ஸுவோ’ இன்மையையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். தாம் தவறு இழைத்த மனிதரின் முகம் நினைவுக்கு வரும்போது ‘த்ஸான்’ இயல்பாக வருகிறது. வென்றெடுத்த யான் நாடு கலகம் செய்தபோது, முன்பே எச்சரித்திருந்த மென்சியஸின்முன் தாம் அவ்வாறு இருப்பதாகச் சீ நாட்டரசன் ஒப்புக்கொள்கிறான். தமிழில் பயணி என்னும் எழுத்தாளர் ‘கவித்தொகை’ என்ற பெயரால் அறிமுகப்படுத்திய ‘ஷி ஜிங்’ பாடல் தொகையில், வீட்டின் இருண்ட வடமேற்கு மூலையில் தனித்திருக்கும்போதும் ‘குவெய்’ இல்லாதிருத்தல் பேசப்படுகிறது. ‘ஜோங்யோங்’ என்னும் கன்பூசிய நூல் அதை எடுத்தாண்டு தனிமையில் காக்கும் ஒழுக்கத்துக்கு அடிப்படையாக்கிற்று.

‘குவெய்’யின் முழு வலிமை கி.மு. 202இல் வூஜியாங் துறையில் நின்ற அரசன் ஷியாங் யூவின் காட்சியில் வெளிப்படுகிறது. தோற்றோடிய அவனை ஆற்றைக் கடக்கச் செய்ய ஓர் ஊர் அலுவலர் படகோடு காத்திருக்கிறார்; மறுகரையில் அவன் பிறந்த மண் இருக்கிறது. தன்னோடு ஆறு கடந்து வந்த 8,000 இளைஞருள் ஒருவரும் திரும்பாத நிலையில், அவர்களின் தந்தையரும் தமையரும் இரங்கித் தன்னை மீண்டும் அரசனாக்கினாலும், ஒரு சொல்லும் சொல்லாவிட்டாலும், தன் நெஞ்சில் ‘குவெய்’ இராதா என்று கேட்டுவிட்டு அவன் குதிரையைப் படகுக்காரருக்குக் கொடுத்துத் திரும்பிப் போரிட்டு மாள்கிறான். பழிப்பவர் எவருமில்லாத இடத்தில் எழும் இந்த உணர்வு, தமிழில் குற்றவுணர்வு எனப்படுவதற்கு மிக அருகில் நிற்கிறது.

முகத்தில் தெரியும் நாணத்துக்கும் தனிச்சொற்கள் இருந்தன. ‘நன்’ என்பது நாணத்தால் முகம் சிவத்தல். ‘நியூநீ’ என்பது சொல்லும் செயலும் தடுமாறும் தர்மசங்கடம். அண்ணன் ஷுனைக் கிணற்றில் மூடிக் கொன்றுவிட்டதாக நம்பி அவன் உடைமைகளைப் பங்கிட வரும் தம்பி ஷியாங், அண்ணன் கட்டிலில் அமர்ந்து யாழ் மீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவனை எண்ணி வருந்தியதாகச் சொல்லிச் சமாளிக்கும் இடத்தில் மென்சியஸின் நூல் ‘நியூநீ’யையே ஆள்கிறது. அங்கே திருந்தும் நெஞ்சம் இல்லை. அகப்பட்டுக்கொண்ட முகம் மட்டுமே உண்டு.

பௌத்தம் வந்தபின் இச்சொற்கள் மீண்டும் இடம் மாறின. வடமொழியின் ‘ஹ்ரீ’, ‘அபத்ராப்ய’ என்னும் இணைக்குத் ‘த்ஸான்’, ‘குவெய்’ என்பவை நிகராக்கப்பட்டன. காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று சீனத் துறவி ஷுவான்ஸாங் தம் பயண நூலில் குறிப்பிடும் தர்மபாலரின் உரையை முதன்மையாகக் கொண்டு ஷுவான்ஸாங் 7ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய ‘செங் வெய்ஷி லுன்’, தன்னையும் தருமத்தையும் மதிப்பதால் எழுவது ‘த்ஸான்’ என்றும், உலகின் பழிப்பை எண்ணுவதால் எழுவது ‘குவெய்’ என்றும் வரையறுக்கிறது. வானத்தின்முன்னும் நெஞ்சின்முன்னும் நின்ற பழைய ‘குவெய்’ இவ்வாறு உலகின் பக்கம் திரும்பியது.

இழிவையும் நாணத்தையும் பிரித்தல்

இச்சொற்களைப் பற்றிய மிகக் கூரிய விவாதம் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் ஷுன் ட்ஸுவினுடையது. அவமதிக்கப்படுவது ‘ரூ’ ஆகாது என்று மக்கள் உணர்ந்தால் சண்டைகள் ஒழியும் என்பது சோங் ஷிங் என்னும் சிந்தனையாளரின் கொள்கை. வடிகால் வழியே நுழைந்து பன்றியைத் திருடுபவனை வாளெடுத்துத் துரத்துபவன், பன்றி போனதை மானக்கேடாகக் கருதியா துரத்துகிறான் என்று ஷுன் ட்ஸு எதிர்க்கேள்வி எழுப்புகிறார். வெறுப்புத்தான் சண்டைக்குக் காரணமே ஒழிய இழிவுணர்வு அன்று. அதன்பின் அவர் ‘ரூ’வை இரண்டாக வகுக்கிறார்: தன் தீயொழுக்கத்தால் வருவது ‘யி ரூ’, அதாவது அறவழி இழிவு, அடி, வசை, விலங்கு, உறுப்புச்சிதைவு எனப் பிறர் வலிமையால் நேர்வது ‘ஷி ரூ’, அதாவது சூழ்நிலை இழிவு. மேன்மகனுக்கு இரண்டாவது நேரலாம், முதலாவது நேராது.

இந்தப் பகுப்பைத் தம் உடலில் சோதித்தறிந்தவர் சிமா சியன். கி.மு. 99இல் ஷியோங்னு நாடோடிகளிடம் சரணடைந்த தளபதி லி லிங்குக்காகப் பேசிய குற்றத்துக்கு அவர் விதையடிப்புத் தண்டனை பெற்றார். தண்டனைக்குப் பணம் கட்டி மீள வசதியில்லை. தற்கொலை செய்துகொண்டு மானம் காப்பதே அன்றைய உயர்குடி மரபு. நண்பர் ரென் ஆனுக்கு அவர் எழுதிய மடல், வந்த மடலுக்கு நன்றி கூறும் பணிவு வழக்கான ‘ரூ’வோடு தொடங்கி, பின்னர் முன்னோருக்குக் களங்கம் சேர்க்காமையை உச்சியாகவும் தாம் பெற்ற தண்டனையைக் கடைசிப் படியாகவும் வைத்துப் பத்துப் படிகளாக ‘ரூ’வை அடுக்குகிறது. ஆயினும் 130 இயல்கள் கொண்ட தம் வரலாற்று நூலான ‘ஷிஜி’ முடிவுறாமல் போவதே தாம் பொறுக்க இயலாத இழப்பு என்று கூறி அவர் வாழத் தேர்ந்தார். குவான் ஜோங்கையும் ஹான் ஷின்னையும் அவர் அவ்வளவு நுணுக்கமாக எழுதியதன் பின்புலம் இதுவே.

நாட்டின் நாணம்

குவான் ஜோங்கின் பெயரால் வழங்கும் ‘குவான்ஸி’, நாட்டைத் தாங்கும் நான்கு கயிறுகளாக ‘லி’, ‘யி’, கைத்தூய்மையான ‘லியன்’, ‘ச்சி’ ஆகியவற்றைக் கூறுகிறது. 1644இல் மிங் பேரரசு வீழ்ந்தபின் மஞ்சு ஆட்சியில் பதவி ஏற்க மறுத்த கு யான்வூ, நான்கனுள் ‘ச்சி’யே தலையாயது என்றும், கற்றோரின் நாணமின்மையே நாட்டின் நாணம் என்றும் எழுதினார். 1915இல் ஜப்பான் 21 கோரிக்கைகளை முன்வைத்தபின் ‘நாட்டின் நாணம்’ என்னும் அதே தொடர் அயலார் இழைத்த இழிவைப் பரவலாகக் குறிக்கலாயிற்று. கு யான்வூ உள்நோக்கி நீட்டிய விரல் வெளிநோக்கித் திரும்பியது. 2006இல் சீனத் தலைவர் ஹு ஜின்தாவ் அறிவித்த எட்டுப் பெருமைகளும் எட்டு நாணங்களும் என்ற ஒழுக்கப் பட்டியலில், பெருமைக்கு எதிராக ஷுன் ட்ஸு வைத்த ‘ரூ’ இருக்கவில்லை; ‘ச்சி’யே இருந்தது.

ஜப்பானைப் பற்றி 1946இல் எழுதிய ரூத் பெனடிக்ட், பிறர் பார்வைக்கு அஞ்சும் நாணப் பண்பாடு என்றும் தன் மனச்சான்றுக்கு அஞ்சும் குற்றவுணர்வுப் பண்பாடு என்றும் வகுத்தது பின்னர் சீனத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. 1967இல் வோல்ஃப்ராம் எபர்ஹார்ட் சீனத்தில் பாவ உணர்வு பற்றிய தம் நூலில் இதை மறுத்தார். 1997இல் க்வோங்-லோய் ஷுன் மென்சியஸ் ஆய்வில் இச்சொற்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். செவ்வியல் நூல்களின் சான்றும் அவர்கள் பக்கமே இருக்கிறது. பிறர் செய்யும் இழிவுக்கு ஒரு சொல்லும், தானே வழங்கும் தீர்ப்புக்கு மற்றொன்றும், எவருமில்லாத இடத்தில் நெஞ்சின்முன் நிற்பதற்கு வேறொன்றும் வைத்திருந்த மரபை ‘நாணப் பண்பாடு’ என்ற ஒற்றைப் பெயருக்குள் அடக்குவது பிழை. இழிவைப் பொறுத்தல் வேறு, நாணம் இழத்தல் வேறு என்பதே அம்மரபு தன் சொற்களைக் கொண்டு நிறுவிய முடிவு.