கதைக்கு வசதியான கிணறு

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில் ஒரு கிணறு வருகிறது. பட்டு நெசவாளி வேங்கடத்தின் மகள் தாமரை அதில் விழுந்து படுத்த படுக்கையாகிறாள். அதற்குப் பிறகுதான் படத்தால் தன் முடிவுக்குப் போய்ச் சேர முடிகிறது. 55ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் (பிரகாஷ்ராஜ்) இரண்டையும் வாங்கிய படம் இது. நெசவைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எடுத்த இன்னொரு தமிழ்ப்படத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கிணறு பல வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் ஆரணிக்காரன். எஞ்சினியரிங் முடித்து மென்பொருள் வேலைக்குப் போனவன். பெரிய கடைகளில் காஞ்சிபுரம் பட்டு என்று அடுக்கி வைத்திருப்பதில் ஒரு பங்கு ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் நெய்து போனது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் படத்தின் பெயரில் காஞ்சிவரம் இருந்தாலும் எங்கள் தெருவில் அதை எங்கள் படமாகத்தான் பார்த்தார்கள். வாழ்நாளில் பாதியைத் தறியில் கழித்த என் பெரியம்மா டிவியில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அது இன்னாடா, அந்தப் பொண்ணு கெணத்துல உழுந்தாதான் கத முடியுமா?”

இதே பெரியம்மா படத்தில் இன்னொரு விஷயத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். மகள் பிறந்தபோது, அவள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை தருவேன் என்று வேங்கடம் ஊரார் முன்னால் வாக்குக் கொடுத்துவிடுகிறான். கூலிக்கு நெய்கிறவனால் பட்டு வாங்க முடியாது. அதனால் வேலை செய்யும் இடத்திலிருந்து நூலை வாயில் அடக்கிக் கொண்டுவந்து, வீட்டில் ரகசியமாக நெய்கிறான். வெளியூர்க்காரர்கள் பலர் என்னிடம், “நம்பவே முடியலையே, வாய்ல எவ்ளோ நூல் அடங்கும்?” என்று கேட்டிருக்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சேலைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ பட்டு. ஒரு தடவைக்கு 2 கிராம் என்று வைத்தாலும் 250 தடவை. யாரும் பார்க்காத நாளில் மட்டும்தான் முடியும். நூலை எடை போட்டுக் கொடுத்து, சேலையை எடை போட்டு வாங்கும் தொழில் இது. கை கொஞ்சம் நீண்டாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும். ஆக, ஒரு பெண் பிறந்து வளர்ந்து கல்யாண வயதுக்கு வரும் காலம் அதற்குத் தேவைப்படும். படமும் அவ்வளவு காலத்தை எடுத்துக்கொள்கிறது. நடக்கவே முடியாதது போலத் தெரியும் ஒன்றுக்கு அந்த மனிதன் ஒவ்வொரு நாளும் விலை கொடுக்கிறான். பெரியம்மாவுக்கு அது போதும்.

அதாவது நம்பகத்தன்மை இங்கே பிரச்சினையே இல்லை. வாயில் நூல் கடத்துவது அபூர்வம், கிணற்றில் விழுவது சாதாரணம். ஆனால் அபூர்வமானது கதையில் நிற்கிறது, சாதாரணமானது துருத்திக்கொண்டு தெரிகிறது. ஏன்?

திரைக்கதை வகுப்புகளில் இதற்கு ஒரு சூத்திரம் சொல்வார்கள். பிக்ஸாரில் வேலை பார்த்த எம்மா கோட்ஸ் 2011-இல் ட்விட்டரில் எழுதிய கதைக் குறிப்புகள் மூலம் அது உலகம் முழுக்கப் பரவியது. பாத்திரத்தைச் சிக்கலில் மாட்டிவிடத் தற்செயல் வரலாம், சிக்கலிலிருந்து மீட்க வந்தால் அது ஏமாற்று. நல்ல சூத்திரம்தான். கடைசி ரீலில் லாட்டரி விழுவதையும், காணாமல்போன அண்ணன் திடீரென்று வந்து நிற்பதையும் இது தடுத்துவிடும். ஆனால் இந்தச் சூத்திரப்படி கிணறு செல்லும். அது யாரையும் மீட்கவில்லையே, வதைக்கத்தானே செய்கிறது! தமிழ் யதார்த்தவாதக் கதைகளில் பாதி இந்தச் சந்து வழியாகத்தான் தப்பித்துப் போகின்றன. நல்லது தற்செயலாக நடந்தால் சினிமாத்தனம் என்கிறோம். கெட்டது தற்செயலாக நடந்தால் அதற்கு வாழ்க்கை என்று பெயர் வைக்கிறோம். துயரமும் எழுத்தாளனுக்கு ஒரு வசதியாக இருக்க முடியும் என்பதை நாம் ஒத்துக்கொள்வதில்லை.

தமிழின் மிகப்பெரிய தற்செயல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரை போன்ற பெருநகரத்தில் கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். எதிரே வருவது, ராணியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருக்கும் அதே பொற்கொல்லன். அத்தனை கடைகள் உள்ள ஊரில் அந்த ஒருவன்! இன்று ஒரு புதிய எழுத்தாளர் இப்படி எழுதி அனுப்பினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஊழ் என்று பதிகத்திலேயே சொல்லிவிட்டாரே, அதனால் சரி என்று சமாதானம் சொல்வார்கள். கண்ணகியின் கனா, கோவலனின் கனா, வழியில் எதிர்வரும் காளை எல்லாவற்றையும் முன்னறிவிப்பாகக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. முன்கூட்டியே அறிவித்துவிட்டால் ஒரு வசதி வசதியாக இல்லாமல் போய்விடாது.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பொற்கொல்லன் அரசனிடம் போகிறான். அரசன் அப்போது ஊடிப் பிரிந்து சென்ற தேவியைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் இருக்கிறான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கதை அங்கேயே நின்றிருக்கும். அவன் கேட்கவில்லை. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் கள்வன் மாதிரி தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். இளங்கோ அந்தத் தயக்கத்துக்கு நேரம் ஒதுக்குகிறார். கள்வர்களின் தந்திரங்களைப் பற்றிப் பொற்கொல்லன் ஒரு பிரசங்கமே செய்து அவர்களைக் கரைக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் எல்லோரும் வாளை ஓங்கவில்லை, விவரமில்லாத ஒருவன்தான் ஓங்குகிறான். சந்திப்பு தற்செயல். கொலையோ பலருடைய கைகளைக் கடந்து வருகிறது, ஒவ்வொரு கையும் அதை நிறுத்தியிருக்கலாம். அதனால்தான் கண்ணகிக்கு அரசவையில் பேச ஏதாவது இருக்கிறது. வானத்திலிருந்து இடி விழுந்து கோவலன் செத்திருந்தால் அவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?

அவையில் வரும் திருப்பமும் அப்படித்தான். சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்பது உடைப்பதற்கு முன்பே இரு தரப்பும் வாயால் சொல்லிவிட்ட விஷயம். உடைத்த பிறகு வாசகனுக்குப் புதிதாக ஒரு தகவலும் தேவைப்படுவதில்லை. (இதே காப்பியத்தில் எனக்குப் பிடிக்காத வசதியும் ஒன்று உண்டு. கோவலன் முற்பிறவியில் சங்கமன் என்ற வணிகனைக் கொல்லக் காரணமாக இருந்தான், அந்தப் பழிதான் இது என்று மதுராபதித் தெய்வம் பின்னால் வந்து விளக்குவது. கணக்கு நேராகிவிடுகிறது, சரி. ஆனால் அவையில் கண்ணகி நிரூபித்த பிறகு இந்தக் கணக்கு யாருக்கு வேண்டும்?)

இப்போது கிணற்றுக்குத் திரும்பலாம். தாமரை விழுவதற்கு முன்னால் வேங்கடம் ஒரு பயங்கரமான காரியம் செய்கிறான். கம்யூனிஸ்ட் தோழனாக மாறி, முதலாளிக்கு எதிராக நெசவாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்துகிறவன் அவன். மகளின் கல்யாணம் நெருங்கிவிடுகிறது, சேலை முடியவில்லை. நூல் திருட வேண்டுமென்றால் வேலைக்குப் போக வேண்டும், வேலைக்குப் போக வேண்டுமென்றால் வேலைநிறுத்தம் முடிய வேண்டும். தான் தொடங்கிய போராட்டத்தைத் தானே குலைக்கிறான். இதைத்தான் நான் திருப்பம் என்பேன். வெளியிலிருந்து எதுவும் வந்து விழவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கும் தோழர்களுக்குக் கொடுத்த வாக்கும் வெகுகாலமாக ஒரே மனிதனுக்குள் இருந்தன. நமக்கும் தெரியும். ஒன்றோடொன்று மோதும் என்று மட்டும் நாம் நினைக்கவில்லை.

பிறகு மாட்டிக்கொள்கிறான், சிறைக்குப் போகிறான், சம்பந்தம் முறிகிறது. இந்த இடத்தில் படத்துக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருந்தது. இரண்டு நாள் பரோலில் வரும் அப்பன், திருட்டுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட மகளின் முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் தன் காலில் நின்றுகொண்டிருந்தால் ஏதாவது கேட்டிருப்பாள். “எனக்குப் பட்டு வேணும்னு நான் கேட்டனாப்பா?” என்று கேட்டிருக்கலாம். படம் முழுக்க அவளுக்காக நடக்கிறது, ஆனால் அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் பேச வேண்டிய இடத்தில் கதை அவளைக் கிணற்றில் தள்ளிவிடுகிறது. மிச்சமிருக்கும் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு, விஷச்சோறு என்ற ஒரே கதவைத் திறந்து வைத்து, பார், வேறு வழியில்லை என்கிறது. பாதி நெய்த சேலை பிணத்தின் முகத்தை மூடினால் காலை மூடவில்லை என்ற கடைசிக் காட்சி யாரையும் உலுக்கிவிடும். என்னையும் உலுக்கியது. ஆனால் அந்தக் காட்சிக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது, அதற்காகவே கிணறு வந்தது என்பதும் எனக்குத் தெரிகிறது.

என் தொழிலில் இதற்குச் சமமான ஒரு பழக்கம் உண்டு. சோதனையில் என்ன விடை வரவேண்டும் என்று தெரிந்தால், கணக்கைப் போடாமல் அந்த விடையை நேராக நிரலில் எழுதிவிடுவது. ஹார்ட்கோட் செய்வது என்போம். சோதனை தேறிவிடும், திரையில் பச்சை விளக்கு எரியும். உள்ளே எதுவும் வேலை செய்திருக்காது.

உண்மையான திருப்பத்துக்கு உதாரணம் கேட்டால் நான் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தைச் சொல்வேன். 1943-இல் எழுதியது. ராமனின் பாதம் பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, சீதையை அக்னிப்பிரவேசம் செய்யச் சொன்னது அதே ராமன்தான் என்று கேள்விப்பட்டு மறுபடி கல்லாகிறாள். நிகழ்ச்சி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். எல்லாமே நமக்கு முன்பே தெரிந்தவை. அகலிகை கல்லாக இருந்தவள் என்பது தெரியும், சீதை தீக்குளித்ததும் தெரியும். இரண்டு செய்திகளும் பல நூற்றாண்டுகளாக ஒரே ராமாயணத்தில் அருகருகே கிடந்தவைதான். ஊர்ப் பேச்சுக்கும் சந்தேகப் பார்வைக்கும் அஞ்சியபடியே வாழும் அகலிகையைக் கதை நெடுகக் காட்டியிருக்கிறார். படித்து முடித்ததும் திரும்பிப் பார்த்தால் வேறு முடிவே இருந்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. எங்கள் ஊர்த் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதில் துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்கும். சேலையில் வரப்போகிற மயிலும் அன்னமும் நெய்ய உட்காருவதற்கு முன்பே துளைகளாக அங்கே இருக்கின்றன. பார்க்கிறவனுக்கு வெறும் ஓட்டை, அவ்வளவுதான்.

கல்கி வேறு ரகம். வந்தியத்தேவன் எங்கே ஒளிந்தாலும் அங்கே நாலு பேர் வந்து சதி பேசுவார்கள். அருள்மொழிக்கு ஆபத்து என்றால் ஊமை ராணி எங்கிருந்தாவது வந்துவிடுவாள். 1950 முதல் வாராவாரம் வந்த தொடர்கதைக்கு அது தேவைப்பட்டது, வாசகர்களும் அந்த ஆட்டத்துக்கு உடன்பட்டுத்தான் படித்தார்கள். அதைப் போய் தர்க்கம் வைத்து அளப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

எனக்குக் கவலை தருபவை நெசவாளர் கதைகள்தான். இப்படி எழுதுவதால் ஊர்ப்பக்க இளைஞர்கள் சிலர் தங்கள் கதைகளை எனக்கு அனுப்புகிறார்கள். எழுதுகிறவர்களுக்குத் தொழில் தெரியும், பாவு பிணைப்பதை இழை இழையாக எழுதுகிறார்கள். ஆனால் ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் போனால் யாராவது சாக வேண்டியிருக்கிறது. தறியிலேயே மாரடைப்பு, மழையில் இடிந்து விழும் சுவர், பஸ் விபத்து. செத்ததும் முதலாளி நல்லவனா கெட்டவனா, முன்பணத்தை ஏன் திருப்பவே முடியவில்லை, இந்தக் கூலியை யார் நிர்ணயித்தார்கள், மகன் ஏன் தறியில் உட்கார மறுத்தான் என்ற எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாவு அத்தனை பேரையும் மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஆரணியில் நான் பார்த்த வரை நெசவாளியின் கஷ்டம் விபத்து போல வருவதில்லை. ஒரு முன்பணத்தை அடைக்க இன்னொரு முன்பணம், மனசறிந்து, கையெழுத்துப் போட்டு வாங்குவது. அது சாவை விட எழுதக் கடினமானது.

போன மாதம் வந்த கதை ஒன்று. ஒரு நெசவாளி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சென்னையில் பெரிய கடையில் வாங்கி வந்த முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் அது அவர் நெய்த சேலை. அன்று ஓர் அட்டை தப்பி விழுந்ததில், முந்தியில் ஒரு வரிசை அன்னங்களுக்கு அலகு இல்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். அவர் கண் கலங்குவதோடு கதை முடிகிறது. எழுதிய தம்பிக்கு அந்த முடிவின் மேல் பெரிய நம்பிக்கை. பொற்கொல்லன் எதிரே வருவதற்குக் குறையாத தற்செயல் இது, அதனால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கடைசிப் பக்கத்தில் இருப்பதை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோ என்றேன். அலகில்லாத அன்னம் அவர் ஒருவர் கண்ணுக்குத்தான் தெரியும். எவ்வளவு கூலிக்கு நெய்தார் என்பதும் அவருக்குத்தான் தெரியும், என்ன விலைக்கு வாங்கினோம் என்று சம்பந்தி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழுதுச் சேலை என்று சொன்னால் கடையில் மாற்றிக்கொண்டு வருவார்கள், நெய்தவன் யார் என்ற கேள்வி முதலாளி வரைக்கும் வரும். சொல்லாமல் விட்டால் பழுதான சேலையைக் கட்டிக்கொண்டு மகள் மணவறையில் உட்காருவாள். முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அவரு இன்னா பண்ணுவாருண்ணே?” என்றான். எனக்கும் தெரியாது, நீதான் எழுதணும் என்றேன்.