சடையும் கத்தரியும்

புனேயில் அழகுக்கலைத் தொழிலிலிருந்து பகுத்தறிவு இயக்கத்துக்கு வந்தவர் நந்தினி ஜாதவ். மகாராஷ்டிர அந்தசிரத்தா நிர்மூலன் (மூடநம்பிக்கை ஒழிப்பு) சமிதியின் செயற்பாட்டாளராக, நூற்றுக்கணக்கான பெண்களின் சடையை வெட்டி எடுத்திருக்கிறார். பின்னிப் பூ வைக்கும் சடை அல்ல இது. சிக்குப்பிடித்து, கம்பளிபோல் இறுகி, சீப்பின் பல் நுழையாமல் தொங்கும் சடை. மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் ஒருத்திக்கு இப்படிச் சடை விழுந்தால், சவதத்தி அம்மன் எல்லம்மா அவளைக் கேட்டுவிட்டாள் என்று அர்த்தம். வெட்டினால் வீட்டுக்கு ஆகாது. சாவு விழும், மாடு சாகும், பிள்ளைக்குச் சுகமில்லாமல் போகும். சிறுமியாக இருந்தால் அம்மனுக்கே நேர்ந்துவிடும் வழக்கமும் இருந்தது.

முடியைப் பற்றி மட்டும் பேசினால் விஷயம் எளிது. தலையிலிருந்து தினமும் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. வாராமல் விட்டால் உதிர்ந்தது கீழே விழாமல், உதிராததோடு பின்னிக்கொள்கிறது. முடியின் மேல் அடுக்கு மீன்செதில்போல் அமைந்திருப்பதால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அதன்மேல் வியர்வை, எண்ணெய், பூசிவைத்த மஞ்சளும் குங்குமமும். சாமி வந்த முடி என்று தண்ணீர் படாமல் பாதுகாக்கத் தொடங்கியதும் சிக்கு இன்னும் பெருக்கிறது. அது பெருக்கப் பெருக்க நம்பிக்கையும் பெருக்கிறது. வேரில் ஒரு கோளாறும் இல்லை. வெட்டியபின் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் சாதாரண முடியே முளைக்கும். சுமந்த காலத்தில்தான் கழுத்துவலி, பேன், தலைத்தோலில் புண், தூக்கமின்மை எல்லாம்.

பயத்தை மட்டும் இப்படி எளிதில் அவிழ்க்க முடியாது. முடியைப் பற்றிய கட்டுக்கதைகள் இவ்வளவு ஆயுளோடு இருப்பதற்குக் காரணம், காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இருக்கும் காலதாமதம். கடும் காய்ச்சலோ பிரசவமோ பட்டினியோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்தாகக் கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். பழி போன வாரம் மாற்றிய ஷாம்புவின் தலையில் விழும். புனேயின் புறநகர் அடுக்ககங்களில், முடி கொட்டுவதற்கு டேங்கர் தண்ணீரையும் போர்வெல்லையும் திட்டிக்கொண்டு குழாய்க்கு வடிகட்டி வாங்கும் கணினித் துறையினர் சொல்வது பாதி சரி. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும். ஆனால் வேரோடு கொட்டவைக்கிறது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. அண்மையில் எது நடந்ததோ அதுவே காரணம் என்ற இதே கணக்குதான் கிராமத்திலும் ஓடுகிறது: சடையை வெட்டினாள், ஆறு மாதத்தில் மாடு செத்தது. மாடு எப்படியும் ஒருநாள் சாகும் என்று யார் சொல்லிப் புரியவைப்பது?

இந்த இடத்தில்தான் இயக்கத்தின் பலம் தெரிகிறது. நரேந்திர தாபோல்கர் 1989இல் தொடங்கிய சமிதி இது. 2013 ஆகஸ்ட் 20 காலை, நடைப்பயிற்சியின்போது புனேயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல ஆண்டு போராடிக் கேட்ட பில்லிசூனியத் தடைச் சட்டம் அதற்குப் பிறகுதான், அவ்வாண்டு டிசம்பரில், நிறைவேறியது. ஆனால் ஒருத்தியின் தலையில் இருக்கும் பயத்தைச் சட்டம் தொடாது. முடியைத் தொட்டுப் பழகிய ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்து, மாமியாரையும் கணவனையும் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்து, 'பாவம் வந்தால் எனக்கு வரட்டும்' என்கிற தோரணையில் கத்தரியை எடுப்பது வேறு வகை வாதம். மேடைச் சொற்பொழிவைவிட அது மேல் என்பது என் எண்ணம்.

இயக்கத்தில் குறையும் உண்டு. சடையை வெறும் அழுக்காக மட்டும் பார்க்கும் பார்வை அது. 19ஆம் நூற்றாண்டில் போலந்திலும் இதே சிக்குச் சடை இருந்தது; வெட்டினால் உள்ளிருக்கும் நோய் கண்ணுக்கு ஏறிவிடும் என்று அங்கும் பயந்தார்கள். கிராகோவ் நகரின் மருத்துவப் பேராசிரியர் யூசெஃப் தீட்ல் அது நோயே அல்ல என்று வாதாடி வெட்டச் சொன்னார். அங்கே சடை ஒரு நோய்க்கணக்கு. எல்லம்மாவின் சடையோ ஒரு தகுதியும்கூட. கதிர்காமத்தில் சடை தரித்த பெண்களை ஆராய்ந்த இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர, 1981இல் வெளிவந்த தம் நூலில், சடை வந்த பிறகு அவர்களில் சிலருக்குக் கணவனின் படுக்கையை மறுக்கும் உரிமை கிடைத்ததைக் காட்டுகிறார். வட கர்நாடகத்து எல்லம்மா பெண்களைப் பற்றி எழுதிய லூசிண்டா ராம்பெர்க், அம்மனே உடலில் இருப்பதாக அவர்கள் நினைப்பதைச் சீர்திருத்தக்காரர்கள் அழுக்கு என்று கழுவிவிடுவதைக் கேள்வி கேட்கிறார். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களைப் பார்த்து 'சுத்தம்' என்று பேசும்போது அந்தச் சொல்லுக்கு என்ன வாடை என்று தமிழ்நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகச் சடையை விட்டுவைக்கலாம் என்று நான் வாதாட மாட்டேன். ஆண் சாமியார் விரும்பி வளர்க்கிறார். அலுத்தால் மழித்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. எல்லம்மாவின் சடை விழுந்தவளுக்கு அந்த வழியே இல்லை. சிறுமியின் தலையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வெட்டத்தான் வேண்டும். வளர்ந்த பெண்ணிடம், சடை போனால் அவளுக்கு என்னென்ன போகும் என்று முதலில் கேட்க வேண்டும்: அக்கம்பக்கத்து மரியாதை, காணிக்கையாக வரும் அரிசி, தனியே படுக்கும் உரிமை.

சமயபுரத்திலும் பழனியிலும் மொட்டை போடும் நமக்கு, முடியைக் கொடுத்தே சாமியோடு கணக்குத் தீர்க்கலாம் என்பது புதிதல்ல. எல்லம்மாவும் நம் படைவீட்டு ரேணுகாம்பாளும் ஒரே ரேணுகை கதையின் அம்மன்கள்தாம். 'காணிக்கையாகக் கொடு' என்று சொன்னால் பல வீடுகளில் கத்தரிக்கு வேலை சுலபமாகும். பகுத்தறிவாளர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருமா என்பது வேறு கதை. வராவிட்டாலும் பூசாரியைச் சொல்லவைக்கலாமே. வெட்டுமுன், வெட்டியபின் என்று முகம் தெரிய எடுத்துப் பத்திரிகைக்குத் தரும் படங்களை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடலாம். அடுத்த மாடு செத்தால் ஊர் யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதற்கு அந்தப் படமே அடையாளச் சீட்டு.