வூ ஃபெங்கின் தலை

சிறுவர் தொகுப்பு ஒன்றுக்குத் தைவான் பழங்குடிகள் பற்றி ஒரு கதை கேட்டார் நண்பர். கைக்குக் கிடைத்தது வூ ஃபெங் கதை. அலிஷான் மலையில் ட்ஸோ மக்கள், தலை கொய்யும் சடங்கு உடையவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்களுக்கும் சீன அரசுக்கும் நடுவில் துபாஷியாக இருந்தவர் வூ ஃபெங். சடங்கை விடச் சொல்கிறார், கேட்கவில்லை. 'நாளைக்குச் சிவப்பு அங்கியில் ஒருவன் வருவான், அவன் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். வெட்டிய பிறகு பார்த்தால் அது அவரே. அழுகிறார்கள், திருந்துகிறார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

இதைப் பாடமாக்கியது ஜப்பானியக் காலனி அரசு. 1945க்குப் பின் வந்த கோமிண்டாங், ஜப்பானியச் சுவடுகள் பலவற்றைத் துடைத்தது, இதைத் துடைக்கவில்லை. எதிரெதிரான இரண்டு அதிகாரங்களுக்கும் ஒரே பிரதி தேவைப்பட்டிருக்கிறது. மலையும் கற்பூர மரமும் யாருடையவை என்ற கேள்வியே இதில் எழாது. வந்தவன் தியாகி, இருந்தவன் கொலைகாரன். ட்ஸோ வாய்மொழியிலோ வூ ஃபெங் மக்களை ஏய்த்தவர், அதனால் கொல்லப்பட்டவர்.

அந்த வகுப்பில் ட்ஸோ பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் திரும்பி யாரைப் பார்த்திருப்பார்கள்? 'குழந்தைகளுக்குப் பழங்குடிகளை அறிமுகப்படுத்துதல்' என்று நாம் சொல்லும்போதே, அந்தக் குழந்தை பழங்குடி அல்ல என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

1988 டிசம்பர் 31இல் சியாயி ரயில் நிலையத்தின் முன்னிருந்த வூ ஃபெங் சிலையைப் பழங்குடிப் போராளிகள் சாய்த்தார்கள். பாடமும் நீக்கப்பட்டது. அவர் பெயரிலிருந்த வட்டாரம் 1989இல் அலிஷான் ஆயிற்று. அரசு அதுவரை இவர்களுக்கு வைத்திருந்த பெயர் 'மலை உடன்பிறப்பு'. (உடன்பிறப்பு என்றதும் நமக்கு வேறு ஞாபகம் வரும், அது கிடக்கட்டும்.) போராடி, 1994இல் 'ஆதிக்குடி' என்ற பெயரை அரசியல் சட்டத்தில் ஏற்றினார்கள்.

இன்று அங்கீகாரம் பெற்றவை 16 இனங்கள். பதினாறு பக்கம், பதினாறு உடை, நடுவில் ஒரு நடனம்னு போட்டுட்டா சரியாப் போச்சா? வூ ஃபெங் போன பிறகும் அவர் நின்று பார்த்த இடம் அப்படியே இருக்கிறது, அங்கே இப்போது கேமரா நிற்கிறது. வூ ஃபெங் கதையையே போடலாம், பக்கத்தில் ட்ஸோ சொல்வதையும் சிலை சாய்ந்த கதையையும் சேர்த்து. பத்து வயதுக்கு இதெல்லாம் புரியாது என்கிறார் நண்பர். அதே வயதுக்கு வெட்டுண்ட தலை மட்டும் எப்படிப் புரிந்ததாம்?

மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். முதல் கதை மட்டும் போதுமாம் அவருக்கு. தர மறுத்துவிட்டேன்.