கண்ணோட்டம் அருளாய் வளர்ந்த கதை

பேரா மாநிலத்தில் சிபில் கார்த்திகேசு என்னும் பெயரைக் கேளாதார் சிலரே. ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வீரப் பெண்மணி என்று அவரைப் போற்றுகிறோம். ஆயினும், அவர் எழுதிய ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்னும் ஆங்கிலத் தன்வரலாற்றை எடுத்துப் படித்தவர் நம்மிடையே மிகுதியாக இரார். அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின், 1954இல் வெளிவந்த நூல் அது. வீரம் என்னும் ஒரு சொல்லால் அதை அளந்துவிட்டால் அதன் உயிர்ப்பொருளை இழந்துவிடுவோம் என்பது என் கருத்து.

தலைப்பையே முதலில் எண்ணிப் பார்ப்போம். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், இரக்கமற்ற ஷைலக்கைக் குறித்து வழங்கும் சொற்றொடரிலிருந்து அது எடுக்கப்பட்டது. டிராம் என்பது மருந்து நிறுப்போர் கைக்கொண்ட ஒரு சிறு நிறை. அவுன்சில் எட்டில் ஒரு பங்கு. நூலாசிரியரோ தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பணி செய்தவர். மருந்தைப் போலவே இரக்கத்தையும் சிறுகச் சிறுக அளந்து கொடுத்துப் பழகியவரின் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு அமைதல் அரிது.

1899இல் சுமத்திராவின் மேடானில், யூரேசியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தைப்பிங்கைச் சேர்ந்த தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். இருவரும் ஈப்போ புருஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்தினர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கவே, குடும்பம் பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் மருத்துவம் தொடர்ந்தது.

ஈண்டு நம் குறளை நினைத்தல் தகும். கண்ணோட்டம் என்பது தம்மொடு பழகியவர்பால் நிகழ்வது என்பர் பரிமேலழகர். அருளோ அவ்வாறன்று, தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்வது. இந்த வேறுபாட்டைக் கைவிளக்காகக் கொண்டு படித்தால் நூலின் நடை நன்கு விளங்கும். பழகிய நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பது முதற்படி. காட்டிலிருந்து இரவில் வந்த முகம் தெரியாத போராளிகளின் காயங்களுக்கு மருந்திடுவது அடுத்த படி. கண்ணோட்டம் அருளாகும் இடம் இதுவே.

பிரிட்டிஷ் பற்றுத்தானே இதற்கெல்லாம் காரணம் என்று கேட்பார் உளர். அவர் வானொலியை ஒளித்து வைத்து லண்டன் செய்தி கேட்டார் என்பதும், பின்னர் ஜார்ஜ் பதக்கம் பெற்றார் என்பதும் உண்மையே. ஆனால் அவரிடம் வந்த போராளிகள் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையில் இயங்கியவர்கள். கடவுள் நம்பிக்கையில் அவருக்கும் அக்கட்சிக்கும் தூரம் அதிகம். 1948 ஜூன் 12இல் அவர் மறைந்தார். அதே மாதத்தில் அக்கட்சிக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. ஆகவே அவர் கட்டிய காயங்களை அரசியல் கணக்கில் மட்டும் எழுதிவிட இயலாது. அயலான் யார் என்ற வினாவுக்கு நல்ல சமாரியன் கதையையே விடையாகச் சொன்ன நற்செய்தியின் வழியில் அவர் நடந்தார் என்பதே பொருந்தும்.

நூலின் கடுமையான பகுதி 1943இல் அவர் கைதானபின் வருகிறது. போராளிகளைக் காட்டிக் கொடுக்கும்படி இராணுவப் போலீசார் வதைத்தனர். ஏழு வயது மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி மிரட்டினர். தாய் காட்டிக் கொடுக்கவில்லை. குழந்தை இறுதியில் உயிரோடு இறக்கப்பட்டாள்.

இங்கே வாசகர் உள்ளம் தடுமாறும். பிறர் மக்களுக்காகத் தன் மகளை வருத்தலாமா? அருள் என்பது அன்பு ஈன்ற மகவு என்று கருதியவர் வள்ளுவர். அந்த மகவுக்காகத் தாயாகிய அன்பே தீயின்முன் நிற்கும்படி ஆயிற்றே! இதற்கு எளிய விடை ஒன்றும் நூலில் இல்லை. இல்லாததே அதன் நேர்மை. தன்வரலாறு ஆதலால் தாயின் நெஞ்சே நமக்குத் தெரிகிறது. மகளின் நெஞ்சை முழுதும் அறிய இந்நூல் போதாது. இதனைக் குறையாகச் சொல்வதைவிட, நூலின் எல்லையாகக் கொள்வதே முறை.

இறையுணர்வும் பிறர்நோய் உணர்வும் இரண்டாகப் பிரியாமல் வளர்ந்தமையே இந்நூலின் சிறப்பு. கண்ட சகோதரனிடத்தில் அன்பு கூராதவன் காணாத கடவுளிடத்தில் அன்பு கூர்தல் எங்ஙனம் என்பது யோவானின் வாதம். அவ்வாதத்துக்கு இந்நூலை உரையாகப் படிக்கலாம். வதையால் முதுகெலும்பு முறிந்த உடலோடு 1945இல் விடுதலை பெற்றவர், சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்று அங்கேயே மறைந்தார். அவர் உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டு அழுகை பத்து வீட்டுக்கும் கேட்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் தாமான்களில் குடியேறியபின் சுவர்கள் தடித்துவிட்டன. கோயிலுக்குப் போவாரும் தேவாலயத்துக்குப் போவாரும் குறையவில்லை. இரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து திறப்பார் எத்தனை பேர்? ஆசிரியப் பெருமக்கள் சிபிலின் வீரத்தைச் சொல்லுமுன், அவர் திறந்த கதவைச் சொல்லட்டும். வீரம் அதன் பின்னே வந்ததுதான்.