சிவகாமியின் சபதத்தில் சமணர் எங்கே?

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' எனக்குப் பிடிக்காத நாவல். முனிர்காவில் இதை வெளியே சொன்னால் அடுத்த தடவை காப்பி கிடைப்பது சந்தேகம். இங்கே பாதி வீட்டில் பெண் குழந்தைக்குப் பரதம், பாதி வீட்டில் கல்கி. பல வீட்டில் இரண்டும். ஆனாலும் இந்த வருஷம் கடை அடைத்த பிறகு, ராத்திரி ராத்திரியாக, நான்கு பாகத்தையும் மறுபடி படித்து முடித்தேன்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். நாகநந்தி பிக்ஷுவைச் சும்மா வில்லன் என்று ஒதுக்க முடியாது. காவிக்குள்ளே கலைப் பித்தும் ஆசையும் சேர்ந்து வேகிற மனுஷன் அவர். மூன்றாம் பாகத்துக்கே 'பிக்ஷுவின் காதல்' என்றுதான் பெயர். பௌத்தர்கள் கோபப்படலாம், கோபப்படவாவது அவர்களுக்கு ஒரு ஆள் இருக்கிறார்.

எங்களுக்கு? மகேந்திரவர்மர் சமணத்தை விட்டுச் சைவரானார் என்ற மரபை நாவல் எடுத்துக்கொள்கிறது. ராஜா மாறினார், சரி. அவர் விட்டுவிட்டு வந்த தெருவில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஒரு ஜவுளி வியாபாரி, நோன்பு இருக்கிற ஒரு அம்மாள், ஏடு எழுதுகிற ஒரு முனிவர்? மனசில் நிற்கும்படி ஒருவர்கூட இல்லை. 640 வாக்கில் யுவான் சுவாங் கண்ட காஞ்சி நாட்டில் நிர்க்கிரந்தர் நிறையப் பேர் இருந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். நிர்க்கிரந்தர் என்றால் சமணர்தான். காஞ்சிக்குப் பக்கத்துத் திருப்பருத்திக்குன்றத்துக்கு ஜினகாஞ்சி என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது.

இன்னொன்று. புலிகேசி பல்லவரைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒடுங்க வைத்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 634ஆம் வருஷத்து ஐஹொளே கல்வெட்டை வைத்து. அதைப் பாடியவர் ரவிகீர்த்தி, சமணக் கவி. கல்வெட்டு இருப்பதும் மேகுடி ஜினாலயச் சுவரில். 'காஞ்சி முற்றுகை' என்று ஒரு பாகமே எழுத முதல் போட்டவர் எங்கள் ஆள். பேரேட்டில் அவருக்குப் பற்றும் இல்லை, வரவும் இல்லை.

"கதைதானே நயினாரே, சரித்திரமா எழுதினார்?" என்பார் நண்பர் ஒருவர். டில்லியில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பல்லவர் சரித்திரம் என்றால் இந்தக் கதைதான். என் பேத்தி படித்து முடித்துவிட்டு, "தாத்தா, அப்போ நம்மவங்க எங்க இருந்தாங்க?" என்று கேட்டாள். மேல்சித்தாமூர் மடத்தைப் பற்றிச் சொன்னேன். அது புஸ்தகத்தில் இல்லையே என்றாள்.

கதை என்றே வைத்துக்கொள்வோம். சிலப்பதிகாரமும் கதைதான். அதிலும் ஒரு பெண்ணின் ஆத்திரத்தில் ஒரு நகரம் எரிகிறது. இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்று சொல்வது மரபு. அவர் காப்பியத்தில் வேட்டுவர் கொற்றவையைப் பாடுகிறார்கள், ஆய்ச்சியர் மாலவனைப் பாடுகிறார்கள், குறவர் முருகனைப் பாடுகிறார்கள்; ஒருவர் குரலையும் அவர் அமுக்கவில்லை. நடுவே கவுந்தியடிகளும் மயிற்பீலியோடு மதுரை வரைக்கும் கூட நடக்கிறார். கல்கி சிலம்பு படிக்காதவரா என்ன? 1944 முதல் 1946 வரை வாராவாரம் எழுதினார். அத்தனை அத்தியாயத்தில் ஒன்றை அந்த நோன்பு அம்மாளுக்குக் கொடுத்திருக்கலாம்.