கோழியைக் கேட்டுப் பார்த்தோமா?

வெண்ணந்தூரில் என் வீட்டுக்குப் பாடம் கேட்க வரும் மாணவர்களுள் ஒருவன் பண்ணைக்காரர் மகன். என் மேசைமேல் கிடந்த ‘அனிமல் மெஷின்ஸ்’ (விலங்கு எந்திரங்கள்) என்னும் நூலைப் புரட்டியவன், “எங்கள் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுகிறது. நலமில்லாத கோழி இப்படி இடுமா, சார்?” என்று கேட்டான். நாமக்கல் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. ஆகவே, அக்கேள்வியைக் கொண்டே இந்நூலை உரைத்துப் பார்ப்போம்.

ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதி 1964-இல் வெளிவந்த நூல் இது. முன்னுரை வழங்கியவர் ரேச்சல் கார்சன். கறிக்கோழி, கூண்டில் அடைபட்ட முட்டைக் கோழி, இறைச்சிக் கன்று ஆகியவை தீவனத்தைப் பண்டமாக மாற்றும் எந்திரங்களாகவே நடத்தப்படுகின்றன என்பது நூலின் குற்றச்சாட்டு. இதனால் எழுந்த பரபரப்பில் பிரிட்டிஷ் அரசு, விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. திரும்பவும், எழவும், படுக்கவும், உடலைக் கோதவும், உறுப்புகளை நீட்டவும் விலங்குக்கு இடம் வேண்டும் என்று அக்குழு 1965-இல் கூறியது. ஒரு நூல் இதைவிட வேறென்ன சாதிக்க வேண்டும்?

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. முந்நூறு முட்டைக்கு 600 கிராம். கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் உள்ள கால்சியமோ சுமார் 20 கிராம்தான்! தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்தாலும், இரவில் ஓடு உருவாகும்போது ஒரு பங்கு எலும்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. நடமாட்டமற்ற கூண்டில் எலும்பு மேலும் நலிகிறது. ஆயினும் கோழி முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட இனம் அது. ஐந்தாறு ஆண்டுகள் வாழக்கூடிய அப்பறவை, முட்டை குறையத் தொடங்கியதும், ஒன்றரை, இரண்டு ஆண்டுக்குள் கறிக்குப் போகிறது. முட்டைக் கணக்கு உற்பத்தியின் அளவுகோல். நலத்தின் அளவுகோல் அன்று. இவ்வகையில் ஹாரிசன் பக்கமே நியாயம்.

எனினும் நூலில் இரு குறைகள் உண்டு. முதலாவது, அவர் கண்டவை குளிர்நாட்டின் மூடிய கொட்டகைகள். நம் கொட்டகைகளோ பக்கம் திறந்தவை. நம் கோழிக்கு எமன் சித்திரை வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாய் திறந்து இளைத்து, நீரை ஆவியாக்கியே உடலைத் தணிக்கிறது. நெருக்கமான கூண்டில் பக்கத்துக் கோழியின் சூடும் சேர்ந்து தாக்கும். அந்த அத்தியாயத்தை நாம்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, கோழியின் துன்பத்தை நூல் மனிதக் கண்ணாலேயே அளக்கிறது. இரக்கமும் தவறக்கூடும். மெல்லிய அறுகோணக் கம்பிவலைத் தளம் காலை உறுத்தும் எனக் கருதிப் பிராம்பெல் குழு அதை விலக்கச் சொன்னது. 1973-இல் ஹியூஸ், பிளாக் இருவரும் பலவகைத் தளங்களை வைத்துக் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டனர். அவை அந்த மெல்லிய வலையை ஒதுக்கவில்லை. தடித்த கம்பியைவிட அதையே நாடின! பாதத்தைப் பல புள்ளிகளில் அது தாங்குகிறது. விசை பரவினால் அழுத்தம் குறையும் என்பது நம் பள்ளிப் பாடம்தானே?

ஆக்ஸ்போர்டில் மரியன் டாக்கின்ஸ் 1977-இல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. கூண்டிலேயே வளர்ந்த கோழிகள் முதலில் கூண்டையே நாடின. திறந்தவெளியில் சிறிது பழகியபின் வெளியையே தேர்ந்தெடுத்தன. ஆக, கேட்டால் மட்டும் போதாது. தெரிந்து விடை சொல்லக் கோழிக்கு வாய்ப்பும் தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் வெற்றுக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. நம் சட்ட ஆணையமும் 2017-இல் தன் 269-ஆம் அறிக்கையில் இப்பொருளை ஆராய்ந்தது. இடம் கூடினால் செலவும் கூடும். அதைப் பண்ணைக்காரர் தலையில் மட்டும் சுமத்துவது முறையாகாது. முட்டை உண்ணும் நாமும் பங்கேற்க வேண்டும்.

மாணவனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பரப்பைக் கணக்கிடச் சொன்னேன். 21 × 29.7, ஏறத்தாழ 624 சதுர செ.மீ. நம் கூண்டுகளில் ஒரு கோழிக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த இடம் 450. தாளில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே மடித்துவிட்டு, எஞ்சியதை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நூலையும் அவனிடமே கொடுத்தனுப்பினேன். தந்தையாருக்குப் படித்துச் சொல்வான்.